ஸ்டீம் டேபிளை மடித்துக் கால்குலேட்டருக்குள் வைப்பது

போன தை மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். டிப்ளமோ மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. கையில் ஸ்டீம் டேபிள் புத்தகம் (எந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்று அட்டவணை போட்ட புத்தகம்), முகத்தில் கடுகடுப்பு.

"மாமா, 87 டிகிரிக்கு அழுத்தம் எவ்வளவுன்னு கேக்குறாங்க. புஸ்தகத்துல 85 இருக்கு, 90 இருக்கு. 87-ஐக் காணோம்."

"காணோம்னா நீயே கண்டுபிடிச்சுக்க வேண்டியதுதான், தாயி."

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகளில் சின்ன பாய்லர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பழைய புரோகிராம் கால்குலேட்டர் இருக்கும். பட்டன்களில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதை எடுத்து 87 என்று தட்டினேன். 62.4 என்று வந்தது, அழுத்தத்தின் அலகான கிலோபாஸ்கலில். அவள் அதைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே புத்தகம் எதையும் ஏற்றி வைக்கவில்லை, மூன்றே மூன்று எண்தான் இருக்கிறது என்று சொன்னால் நம்பவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் மடக்கை படித்தது லேசாக நினைவிருந்தால் போதும்.

முதலில், "87 டிகிரிக்கு அழுத்தம்" என்றால் என்ன? மூடிய பாத்திரம். உள்ளே தண்ணீரும் அதன் ஆவியும் மட்டும். காற்று துளியும் இல்லை. தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பும், ஆவியில் கொஞ்சம் திரும்பவும் தண்ணீராகும். போவதும் வருவதும் சமமாகிறபோது ஆவி ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் நிற்கும். இதைத்தான் தெவிட்டிய ஆவி அழுத்தம் என்கிறார்கள். இதைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றுதான். பாத்திரம் செம்பா எவர்சில்வரா, தண்ணீர் ஒரு தம்ளரா ஒரு அண்டாவா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்புகூட இதை அசைப்பது கொஞ்சம்தான். கொதிநிலையில் ஒரு டிகிரியின் நூறில் சில பங்கு. அந்த உப்பு குழாய்க்குள் பாறையாகப் படிந்து என் பிழைப்பை ஓட்டுகிறதே தவிர, கணக்கைக் கெடுப்பதில்லை.

திறந்த சட்டியில் இந்த ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியவுடன் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஆகவே கொதிநிலை என்பது தனிச் சமாச்சாரம் இல்லை. இதே கணக்கைத் தலைகீழாகப் படித்தால் கிடைப்பதுதான்.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் இந்த அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பட்டியல் போட ஆட்கள் ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள். பிரான்சில் ரென்யோ என்பவர் 1840-களில் செய்த அளவீடுகள் பல பத்தாண்டுகளுக்கு நீராவி எஞ்சின்காரர்களுக்கு வேதம். அந்த வம்சத்தில் வந்ததுதான் அக்கா மகள் கையில் இருந்த புத்தகமும்.

புத்தகத்தில் இல்லாத எண்ணுக்குப் பழைய வழி இடைச்செருகல். 85-க்கு 57.87 கிலோபாஸ்கல், 90-க்கு 70.18. வித்தியாசம் 12.31. நாம் போக வேண்டியது 5 டிகிரியில் 2 டிகிரி. எனவே 12.31-இல் ஐந்தில் இரண்டு பங்கு, 4.92. அதை 57.87-உடன் கூட்டினால் 62.79. தேர்வில் இதற்கு முழு மார்க் கிடைக்கும்.

ஆனால் கால்குலேட்டர் 62.40 என்றதே? ஒவ்வொரு டிகிரிக்கும் போட்ட பெரிய அட்டவணையில் 62.5 சொச்சம் இருக்கும். அதாவது இடைச்செருகல் கொஞ்சம் கூடச் சொல்கிறது, கால்குலேட்டர் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. இரண்டுமே அரை சதவீதத்துக்குள்தான். ஆனால் இடைச்செருகலின் தப்பு எப்போதும் ஒரே பக்கம் விழும், எப்போதும் கூடவே சொல்லும். அது ஏன் என்று புரிந்தால் ஃபார்முலாவின் பாதி புரிந்த மாதிரி.

இடைவெளியை அகலமாக்கிப் பாருங்கள். 80-க்கு 47.41, 100-க்கு 101.42. நடுவில் இருக்கும் 90-க்கு இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 74.4. உண்மையில் 70.18. ஆறு சதவீதம் அடி. காரணம், இந்த அழுத்தம் நேர்கோட்டில் ஏறுவதில்லை. 30 டிகிரியில் 4.25, 60-இல் 19.95, 90-இல் 70.18. முப்பது முப்பது டிகிரியாகக் கூட்டுகிறோம். அது நாலரை மடங்குக்கு மேல், பிறகு மூன்றரை மடங்கு என்று பெருகுகிறது. கந்துவட்டி ஏறுகிற மாதிரிதான், வட்டிக்கு வட்டி. கந்துவட்டிக்காரரைவிட இது கொஞ்சம் இரக்கமுள்ளது. வட்டி விகிதம் போகப்போகக் குறைகிறது. மேல்நோக்கி வளையும் கோட்டில் இரண்டு புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தால் ஸ்கேல் கோட்டுக்கு மேலேதான் போகும். அதனால்தான் இடைச்செருகல் எப்போதும் கூடச் சொல்கிறது.

வட்டிக்கு வட்டியாக ஏறுவதை மட்டுப்படுத்த ஒரு வழி உண்டு, மடக்கை. பெருக்கலைக் கூட்டலாக்குவதுதான் அதன் வேலை. அழுத்தத்துக்குப் பதிலாக அழுத்தத்தின் மடக்கையை எடுத்து, வெப்பநிலைக்குப் பதிலாகக் கெல்வின் வெப்பநிலையின் (செல்சியஸோடு 273.15 கூட்டியது) தலைகீழை எடுத்துப் படம் போட்டால், வளைந்த கோடு கிட்டத்தட்ட நேராகிவிடும். மிச்சமிருக்கும் சின்ன வளைவையும் நிமிர்த்த, அந்த 273.15-க்குப் பதிலாக வேறு ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்று 1888-இல் அந்துவான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். தண்ணீருக்கு அந்த ஃபார்முலா இது:

லாக் அ = 8.07131 − 1730.63 ÷ (233.426 + வ)

வ என்பது செல்சியஸ் டிகிரி. அ என்பது அழுத்தம், மில்லிமீட்டர் பாதரசத்தில். லாக் என்பது 10-ஐ அடியாகக் கொண்டது. 1 முதல் 100 டிகிரி வரைக்கும் என்று போட்டது. நான் சொன்ன மூன்று எண் இவைதான். பத்துப் பக்க அட்டவணை இந்த ஒரு வரிக்குள் மடிந்து கிடக்கிறது.

நம்புவதற்கு முன் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். வ = 100. கீழே 333.426. 1730.63-ஐ அதால் வகுத்தால் 5.19045. 8.07131-இலிருந்து கழித்தால் 2.88086. 10-இன் அடுக்கு 2.88086 என்பது 760.1. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தோமே, அதுவேதான். புரோகிராமில் எண்களை ஏற்றிய பிறகு நான் முதலில் தட்டிப் பார்ப்பதும் இந்த 100-தான். 760 வரவில்லை என்றால் எங்கோ ஒரு இலக்கம் மாறிவிட்டது.

புரோகிராம்

புரோகிராம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வரிசையாகத் தட்டும் பட்டன்களை அது நினைவில் வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் உங்களிடம் கேட்கும். என் கேசியோவில் இப்படி இருக்கிறது. கருவியில் எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் வரும். இங்கே தமிழில் எழுதுகிறேன்:

? → வ
10 ^ (8.07131 − 1730.63 ÷ (233.426 + வ)) → அ
அ × 0.133322 ◢

கேள்விக்குறி என்றால் "எண்ணைக் கேள்". அம்புக்குறி என்றால் "இந்தப் பெட்டியில் போட்டு வை". கடைசியில் உள்ள முக்கோணம் "காட்டிவிட்டு நில்". 0.133322-ஆல் பெருக்குவது மில்லிமீட்டர் பாதரசத்தைக் கிலோபாஸ்கலாக்க. மூன்று வரி, அவ்வளவுதான்.

புரோகிராம் கால்குலேட்டர் இல்லையா? கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் வைத்திருப்பது எஃப்எக்ஸ்-991 வகை. அதில் புரோகிராம் கிடையாது, அதனால்தான் தேர்வு அறைக்குள் விடுகிறார்கள். ஆனால் அதில் "கால்க்" என்று ஒரு பட்டன் உண்டு. நடு வரியை மட்டும் எழுதி, வ இருக்கும் இடத்தில் ஓர் எழுத்தைப் போட்டு, கால்க்கை அழுத்தினால் எண்ணைக் கேட்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் திரும்பத் திரும்பக் கேட்கும். அக்கா மகள் இரண்டு வருஷமாக அந்தக் கருவியை வைத்திருக்கிறாள், இந்தப் பட்டனைத் தொட்டதே இல்லையாம்.

தலைகீழ்க் கணக்கும் சுலபம். அழுத்தம் தெரியும், வெப்பநிலை வேண்டும் என்றால் அதே வரியைப் புரட்டிப்போட வேண்டியதுதான்:

வ = 1730.63 ÷ (8.07131 − லாக் அ) − 233.426

இந்த மாதிரிப் புரட்ட முடியாத ஃபார்முலாவும் உண்டு. அப்போது பூ மார்க்கெட்டில் பேரம் பேசுவதுபோல் போக வேண்டும். விடை 0-க்கும் 100-க்கும் நடுவில் என்று தெரிந்தால் 50-ஐப் போட்டுப் பார். கூட வந்தால் 25, குறைவாக வந்தால் 75. ஒவ்வொரு தடவையும் இடைவெளி பாதியாகும். பத்தே தடவையில் 100 டிகிரி இடைவெளி 0.1 டிகிரியாகிவிடும். மனுஷனுக்கு அலுக்கும், கருவிக்கு அலுக்காது.

நான் அடிபட்ட இடம்

ஃபார்முலாவைவிட அதைச் சுற்றியிருக்கும் பள்ளங்கள்தான் ஆபத்து. லாக் பட்டனுக்குப் பக்கத்திலேயே எல்என் என்று ஒன்று இருக்கும். அது வேறு மடக்கை. அதை அழுத்தினால் 760 வர வேண்டிய இடத்தில் 18 வரும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். அடைப்புக்குறியை மறந்தாலும் அப்படித்தான், விடை அபத்தமாக இருக்கும். பார்த்தால் சரி மாதிரியே தெரிகிற தப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

சில வருஷத்துக்கு முன் திருமங்கலம் சாலையில் ஒரு ஆலை. பாய்லர் கேஜ் 7 கிலோ காட்டியது, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம். ஒரு கிலோவுக்கு 98.07 கிலோபாஸ்கல், ஆக 686.5. 0.133322-ஆல் வகுத்துத் தலைகீழ்ப் புரோகிராமில் போட்டேன். நூறு டிகிரிக்கு மேல் வேறு மூன்று எண்கள் உண்டு, 8.14019, 1810.94, 244.485, அவற்றைத்தான் ஏற்றியிருந்தேன். விடை 164.5 டிகிரி. ஆவிக் குழாயில் இருந்த தெர்மாமீட்டரோ 170 காட்டியது. தெர்மாமீட்டர் போச்சு, புதுசு வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி மாட்டினார்கள். அதுவும் 170.

பாய்லர் ஆபரேட்டர் என்னைவிடப் பெரியவர், அதிகம் பேசமாட்டார். "சார், ரெண்டு மீட்டரும் சொல்லிவச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்லுமா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் உறைத்தது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை. ஃபார்முலா கேட்பது மொத்தம் எவ்வளவு என்பதை. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்டியிருக்க வேண்டும். மதுரையில் அது சுமார் 100.1 கிலோபாஸ்கல். 686.5 + 100.1 = 786.6. இதைப் போட்டால் 170. தெர்மாமீட்டர் பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து என் புரோகிராமின் முதல் கேள்வி "கேஜா, மொத்தமா?" என்பதுதான்; 1 போட்டால் 100.1 கூட்டிக்கொள்ளும், 0 போட்டால் விட்டுவிடும். வீட்டுக் குக்கருக்கும் இதே கதை. வெயிட் தூக்கும்போது உள்ளே கேஜ் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் என்று வைத்தால், மொத்தம் 200. கொதிநிலை 120 டிகிரி. துவரம்பருப்பு அதில் சீக்கிரம் மசிவது இந்த 20 டிகிரியால்.

சூடேற்றுவது ஒன்று, ஆவியாக்குவது வேறு

அழுத்தம் போகட்டும். ஆலைக்காரர் கேட்பது விறகும் கேஸும் எவ்வளவு ஆகும் என்பதை. அதற்கு இரண்டு பண்பு வேண்டும்.

ஒன்று தன்வெப்பம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல். இதுவும் வெப்பநிலையோடு மாறும்; 0 டிகிரியில் 4.217, 35-40 டிகிரி வாக்கில் அடிமட்டமாக 4.178, 100-இல் மறுபடி 4.216. ஆக நூறு டிகிரிக்குள் 4.18 என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம், ஒரு சதவீதம்கூடத் தப்பாகாது. இதற்கு ஃபார்முலா போட்டுப் புரோகிராமை நீட்டுவது வீண் வேலை.

இரண்டாவது உள்ளுறை வெப்பம். கொதிக்கும் தண்ணீரை அதே வெப்பநிலையில் ஆவியாக்க ஆகும் வெப்பம். ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1760-களில் இதைக் கண்டுபிடித்தார். தெர்மாமீட்டர் அசையாமலே வெப்பத்தைக் குடிப்பதால்தான் "உள்ளுறை". 100 டிகிரியில் கிலோவுக்கு 2257 கிலோஜூல். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் இன்னும் கூட வேண்டும். கைக்கணக்குக்கு:

உள்ளுறை வெப்பம் = 2501 − 2.36 × வ

30 டிகிரிக்கு 2430 வரும், அட்டவணையிலும் அதுவே. 100-க்கு 2265 வரும், எட்டு கிலோஜூல் கூடுதல். பரவாயில்லை.

இந்த எண்ணின் கனத்தை உணர சிம்மக்கல் பக்கம் நான் வழக்கமாகக் குடிக்கும் டீக்கடை பாய்லரை எடுத்துக்கொள்வோம். 10 லிட்டர் பிடிக்கும் என்று வைப்போம். காலையில் 30 டிகிரி தண்ணீர். கொதி வருவதற்கு 10 × 4.18 × 69.7, அதாவது சுமார் 2913 கிலோஜூல். (100-க்குப் பதில் 99.7 ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.) கொதி வந்த பிறகும் அடுப்பைக் குறைக்காமல் விட்டு, ஒரே ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் 2257 கிலோஜூல். பத்து லிட்டரையும் கொதிக்க வைத்த செலவில் முக்கால் பங்குக்கு மேல், அந்த ஒரு லிட்டரோடு கூரைக்குப் போய்விட்டது. கேஸ் கிலோவுக்கு 46,000 கிலோஜூல். அதில் பாதி பக்கவாட்டில் வீணாகும் என்று வைத்தால், பத்து லிட்டருக்கு 127 கிராம், போன ஒரு லிட்டருக்கு 98 கிராம். இதை மாஸ்டரிடம் சொன்னேன். "அண்ணே, கொதிக்கிற சத்தம் கேட்டாத்தான் டீ நல்லாருக்கும்னு ஆளு உக்காருவான்" என்றார். அந்தக் கணக்கு என் கால்குலேட்டரில் இல்லை.

இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடுவதும் இதனால்தான். ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு, 37 டிகிரிக்கு, இறங்கும்போது தருவது சுமார் 263 ஜூல். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராவதற்கே 2257 ஜூல் கொடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் அந்த 263.

மண்பானையில் இதே கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். மானாமதுரைப் பானையில் 10 லிட்டர் ஊற்றி வைக்கிறோம். சுவரில் கசிந்து 100 மில்லி ஆவியாகிறது. அதற்குத் தேவை 0.1 × 2430, அதாவது 243 கிலோஜூல். அது முழுக்கப் பானைத் தண்ணீரிலிருந்தே போனால், மிச்சமுள்ள 9.9 கிலோவை 4.18-ஆல் பெருக்கி வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். நூறில் ஒரு பங்கைக் கொடுத்து ஆறு டிகிரி வாங்குகிறோம். நடப்பில் சுற்றியுள்ள காற்றும் பானைக்குக் கொஞ்சம் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இறங்குவது இதைவிடக் குறைவு. சித்திரையில் காற்று உலர்ந்திருக்கும்போது பானை நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும், பானை சும்மா உட்கார்ந்திருக்கும்.

அடர்த்திக்கும் ஒரு சின்ன ஃபார்முலா இருக்கிறது, எனக்குப் பிடித்தது. 4 டிகிரியில் தண்ணீர் மிகக் கனமாக இருக்கும் என்பதை அது மறக்காமல் வைத்திருக்கிறது:

அடர்த்தி = 1000 − 0.0178 × (வ − 4)^1.7

60 டிகிரிக்கு 983.3 வரும், அட்டவணையில் 983.2. நூறுக்கு 958.3, அட்டவணையில் 958.4. இரண்டே எண்ணில் இவ்வளவு. 4-க்குக் கீழே போனால் மட்டும் அடைப்புக்குள் எதிர்மறை எண் வந்து கருவி பிழை காட்டும். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மதுரையில் 4 டிகிரித் தண்ணீர் ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான், ஆகவே நான் அதைச் சேர்க்கவே இல்லை.

எல்லை தாண்டினால்

இந்த ஃபார்முலாக்கள் எல்லாம் இயற்கை விதி இல்லை. அளந்த புள்ளிகளின் மேல் தைத்த சட்டை. உடம்பு இருக்கும் இடம் வரை பொருந்தும். 2501 − 2.36 வ என்பதை எடுத்து 200 டிகிரிக்குப் போட்டால் 2029 வரும், உண்மை 1940. இன்னும் மேலே போய் 374 டிகிரிக்குப் போட்டால் 1618 என்று கொஞ்சமும் தயங்காமல் சொல்லும். உண்மையில் அங்கே உள்ளுறை வெப்பம் பூஜ்யம். 373.946 டிகிரி, 22.064 மெகாபாஸ்கல் என்பது தண்ணீரின் மாறுநிலைப் புள்ளி. அங்கே திரவம், ஆவி என்ற வித்தியாசமே கரைந்துவிடுகிறது. வித்தியாசம் இல்லாதபோது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற எதற்கு வெப்பம்? நேர்கோட்டுக்கு இது தெரியாது. தெரிந்த மாதிரி ஒன்றை எழுதலாம்:

உள்ளுறை வெப்பம் = 2257 × ((374 − வ) ÷ 274)^0.38

இது 374-இல் ஒழுங்காகப் பூஜ்யமாகும், 200-இல் 1899 சொல்லும். ஆனால் 30 டிகிரியில் 2461 என்று முப்பது கிலோஜூல் கூட்டிவிடும். பானைக்கு முதல் ஃபார்முலா, பாய்லருக்கு இரண்டாவது. ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும் என்று ஆசைப்பட்டால் விலை ஏறும். 1997-இல் உலகத் தண்ணீர்-நீராவிப் பண்புகள் சங்கம் தொழிற்சாலைகளுக்கென்று வெளியிட்ட ஐஎஃப்-97 முறை அந்த விலையைக் கொடுத்தது. தண்ணீரின் நிலைகளை ஐந்து மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணத் திரவத் தண்ணீரின் மண்டலத்துக்கு மட்டும் 34 உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெழு, இரண்டு அடுக்கு எண். கையால் தட்டி ஏற்றினால் ஒரு சாயங்காலம் போய்விடும், ஒரு இலக்கம் தவறினால் தேடி எடுக்க இன்னொரு சாயங்காலம்.

1974-இல் ஹெச்பி-65 என்ற புரோகிராம் கால்குலேட்டர் வந்தபோது அதில் ஏற்ற முடிந்தது 100 படிகள். சூயிங்கம் பட்டை அளவு காந்த அட்டையில் புரோகிராமைச் சேமிக்கலாம். அந்தக் காலத்து எஞ்சினியர்கள் எண் குறைந்த ஃபார்முலாக்களைத் துரத்தித் துரத்திச் சேர்த்தது இந்த 100 படிக்குள் அடக்கத்தான். 1977-இல் டிஐ-59 வந்தபோது 960 படி வரை இடம் கிடைத்தது, 1979-இல் ஹெச்பி-41சி. இன்றைக்குக் கைபேசியில் முழு ஐஎஃப்-97 கிடைக்கும், நானும் வைத்திருக்கிறேன். ஆனாலும் பாய்லர் அறையில், கையில் கரியோடு, மூன்று எண் ஃபார்முலாவைத்தான் தட்டுகிறேன். தப்பாகப் போனால் எங்கே தப்பு என்று அதில் எனக்குத் தெரியும்.

99.7

கடைசியாக அந்த 99.7. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். உ மீட்டர் உயரத்தில் அழுத்தம், கிலோபாஸ்கலில்:

101.325 × (1 − 0.0000225577 × உ)^5.25588

மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர். 100.1 வரும். 0.133322-ஆல் வகுத்து மில்லிமீட்டர் பாதரசமாக்கித் தலைகீழ் வரியில் போட்டால் 99.7 டிகிரி. இரண்டு புரோகிராமையும் ஒட்டிவிட்டால் உயரத்தைக் கேட்டுக் கொதிநிலையைச் சொல்லும் ஒரே புரோகிராம் ஆகிவிடும். அக்கா மகள் அன்று ராத்திரியே அதை எழுதிவிட்டாள். கொடைக்கானலுக்கு 7,000 அடி, 2133 மீட்டர் என்று போட்டாள். 78.2 கிலோபாஸ்கல், 92.9 டிகிரி. கொடைக்கானலில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று அவள் அம்மா சொல்வது ஏன் என்று அப்போதுதான் பிடிபட்டது.

போன மாதம் கல்லூரியிலிருந்து வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போனார்கள். கிச்சன் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். தங்கிய இடத்துச் சமையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கொதிக்கும் அண்டாவில் அதை விட்டுப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினாள்.

"மாமா, 94 காட்டுது. 93-ன்னுல்ல வரணும்? ஃபார்முலா தப்பா, மீட்டர் தப்பா?"

எனக்குத் திருமங்கலம் சாலை ஞாபகம் வந்தது. அவசரப்பட்டு மீட்டரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை.

"மதுரைல, நம்ம வீட்டுல, கொதிக்கிற தண்ணில வச்சுப் பாத்தியா?"

"இல்லையே."

"வந்து பாரு."

திரும்பி வந்த அன்றே அடுப்பில் தண்ணீரை வைத்தாள். மூழ்கிய முனை சட்டியின் அடியைத் தொடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றாள். முள் 101-இல் போய் நின்றது.